த்ரில் என்றால் ஓட்டை

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். படுக்கையில் சாய்ந்ததும் டெக்னீஷியன் பெண் முதலில் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஊசியைப் பிரிப்பதற்கு முன்னால், மெஷின் பக்கம் திரும்புவதற்கு முன்னால், அப்பாவின் இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே மூன்று விரல்களை வைத்து, கண்ணை எங்கோ நிறுத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் அசையாமல் நிற்பார். "த்ரில் நல்லா இருக்குங்க ஐயா" என்பார். மற்ற வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் தடவை இதைக் கேட்டபோது அப்பா விடவில்லை. "ஊசி குத்திக்க வந்து படுத்திருக்கேன், இதுல என்னம்மா த்ரில்லு?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு, அப்பாவின் வலக்கை விரல்களைப் பிடித்து இடக்கையின் மேல் வைத்தார். அப்பாவின் புருவம் உயர்ந்தது. "உள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கே!"

நானும் வைத்துப் பார்த்தேன். நாடித் துடிப்பு போல விட்டுவிட்டு அடிக்கவில்லை. தோலுக்கு அடியில் விடாமல் ஓடும் ஒரு ரீங்காரம். விரல் நுனியில் கூசியது.

த்ரில் என்ற சொல்லை நாம் எல்லோரும் வேறு இடத்தில்தான் பழகியிருக்கிறோம். கடைசி ஓவரில் பத்து ரன் வேண்டும் என்றால் அது த்ரில். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பினால் த்ரில். "படம் செம த்ரில்லிங்" என்று சொல்லாத வீடு இல்லை. அதே சொல்லை மருத்துவமனையில் விரலுக்குத் தெரியும் அதிர்வுக்குச் சொல்கிறார்கள். இரண்டில் எது முந்தியது என்று தேடப் போனேன். இரண்டுமே முந்தியது இல்லை. முதலில் அந்தச் சொல் ஓட்டையைக் குறித்தது. கிளர்ச்சியும் இல்லை, நடுக்கமும் இல்லை, வெறும் ஓட்டை.

பழைய ஆங்கிலத்தில், அதாவது சுமார் 1100 வரை இங்கிலாந்தில் பேசிய மொழியில், 'திரெல்' என்றால் துளை. (முதல் உயிரை, இ சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் வருகிற ஒலியில் சொல்ல வேண்டும்.) அதிலிருந்து வந்த வினைச்சொல் 'திர்லியன்', துளையிடு என்று பொருள். இந்தத் திரெல்லுக்கும் தாய் ஒன்று உண்டு: 'துர்ஹ்'. இன்றைக்கு ஆங்கிலத்தில் 'த்ரூ' என்கிறோமே, ஒன்றின் ஊடாக என்ற பொருளில், அந்தச் சொல்தான் அது. ஊடாகப் போவதால் உண்டாவது துளை. தமிழிலும் 'ஊடு' என்ற சொல்லிலிருந்துதான் 'ஊடுருவு' வந்தது. இரண்டு மொழிகளுக்கும் உறவு இல்லை; மனிதர்கள் யோசித்த விதம்தான் ஒன்றாக இருக்கிறது.

இந்தத் திரெல் செத்துப்போன சொல் என்று நினைக்க வேண்டாம். நம் எல்லோர் முகத்திலும் இரண்டு இருக்கின்றன. மூக்குத் துவாரத்துக்கு ஆங்கிலத்தில் 'நாஸ்ட்ரில்' என்று பெயர். பழைய வடிவம் 'நோஸ்திரெல்': நோஸு என்றால் மூக்கு, திரெல் என்றால் துளை. நாஸ்ட்ரிலின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ட்ரில்'லும் நம் த்ரில்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். நாஸ்ட்ரில் என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! அதற்குள் இப்படி ஓர் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

ஜன்னலுக்கும் அந்தக் காலத்தில் ஒரு திரெல் இருந்தது. 'எயாக்திரெல்' என்றார்கள், கண் துளை என்று பொருள். பிறகு ஸ்காண்டிநேவியர் மொழியிலிருந்து 'விண்டோ' வந்து அதைத் தள்ளிவிட்டது. அதற்குப் பொருள் காற்றின் கண். இதைப் படித்ததும் சிலப்பதிகாரம் நினைவுக்கு வந்தது. புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லும்போது இளங்கோவடிகள் 'மான்கண் காலதர்' என்கிறார். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. மானின் கண் போன்ற, காற்று வரும் வழி. காற்றும் கண்ணும் சேர்ந்து ஜன்னலாவதை அங்கே ஒருவர், இங்கே ஒருவர் பார்த்திருக்கிறார்கள்.

சரி, திர்லியன் எப்படி த்ரில் ஆனது? நடு ஆங்கிலக் காலத்தில் வால் தேய்ந்து 'திர்ல்' என்று நின்றது. 1300 வாக்கில் அதன் ர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டது. திர்ல், த்ரில். அவ்வளவுதான்.

ஓர் எழுத்து இப்படி இடம் மாறுவது நமக்குப் புதிது இல்லை. மதுரையை 'மருத' என்று சொல்லும் பாட்டிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தசை, சதை ஆனது. சிவிறி, விசிறி ஆனது. வண்டைக் குறிக்கும் ஞிமிறு, மிஞிறு ஆனது. எழுத்து நிலைமாற்றம் என்று நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது. ஆங்கிலத்தில் இந்த இடமாற்றத்துக்கு அதிகம் ஆளானது ர் ஒலி. மூன்று 'த்ரீ' என்றால் மூன்றாவது ஏன் 'தேர்ட்'? பழைய ஆங்கிலத்தில் அது 'த்ரிட்டா' என்றுதான் இருந்தது. ர் பின்னால் போய்விட்டது. பறவைக்கான 'பேர்ட்' ஒரு காலத்தில் 'பிரிட்'. குதிரைக்கான 'ஹார்ஸ்' ஒரு காலத்தில் 'ஹ்ரோஸ்'. இவற்றில் ர் பின்னால் போனது. த்ரில்லில் முன்னால் வந்தது. தப்பாகச் சொல்லிச் சொல்லியே சரியாகிப்போன சொற்கள் எந்த மொழியிலும் நிறைய. 'மருத' என்கிற பாட்டியைத் திருத்துகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சொல்லின் வேரைத் தேடும்போது காதுக்கு ஒன்றுபோல் கேட்பதை நம்பினால் ஏமாந்துபோவோம். சுவரில் ஓட்டை போடும் 'ட்ரில்' பொருளிலும் ஒலியிலும் த்ரில்லுக்கு இரட்டைப் பிள்ளை மாதிரி தெரியும். ஆனால் அது டச்சு மொழியிலிருந்து தனியாக வந்த சொல். பறவை கூவுவதைச் சொல்லும் 'ட்ரில்' இத்தாலி வழி வந்தது. தமிழில் திறல் என்று ஒரு சொல் இருப்பதால் த்ரில் தமிழிலிருந்து போனது என்று யாராவது எழுதினால், அதையும் நம்ப வேண்டாம். ஒரு சொல்லின் வேர் இது என்று சொல்ல, நூற்றாண்டு நூற்றாண்டாக அது எழுத்தில் எப்படி இருந்தது, அக்கம்பக்கத்துச் சொற்களும் அதே மாதிரி மாறினவா என்று பார்த்தாக வேண்டும். த்ரில்லுக்கு அந்தச் சாட்சியங்கள் எல்லாம் இருக்கின்றன.

இனி பொருள். துளையிடுகிற சொல் எப்படி உணர்ச்சிக்கு வந்தது?

காலில் முள் தைத்தது என்கிறோம். அவர் சொன்னது நெஞ்சில் தைத்தது என்றும் சொல்கிறோம். முதலாவதில் ரத்தம் வரும், இரண்டாவதில் வராது. ஆனால் இரண்டுக்கும் ஒரே வினைச்சொல் போதும் என்று தமிழ் முடிவு செய்திருக்கிறது. ஆங்கிலமும் அதையேதான் செய்தது. 1400இல் இறந்த கவிஞர் சாசரிடம் இந்த இரண்டு படியையும் பார்க்கலாம். கேன்டர்பரி கதைகளில் மாவீரன் சொல்லும் கதையில், போட்டிச் சண்டையில் ஒருவனுடைய மார்பெலும்பை ஈட்டி துளைத்துவிடுகிறது. அங்கே அவர் போடும் சொல் 'திர்ல்'. இன்னொரு கவிதையில் காதலனால் ஏமாற்றப்பட்ட அனெலிடா என்ற அரசி, துயரத்தின் வாள் நினைவு என்னும் தன் முனையால் என் நெஞ்சைத் துளைக்கிறது என்று புலம்புகிறாள். அங்கேயும் 'திர்ல்'தான். ஒரே கவிஞர், ஒரே சொல். ஓரிடத்தில் இரும்பு துளைக்கிறது, ஓரிடத்தில் நினைவு துளைக்கிறது.

இருநூறு ஆண்டுகள் கழித்து ஷேக்ஸ்பியரிடம் வந்தால் ஈட்டி காணாமல் போயிருக்கிறது. அவர் காலத்துக் கவிஞர் ஸ்பென்சர் 1590இல் எறிவேலுக்கு இந்தச் சொல்லிலிருந்து ஓர் அடைமொழி செய்து போட்டார். அதாவது பழைய பொருள் அப்போதும் உயிரோடு இருந்தது. ஆனால் ஷேக்ஸ்பியரின் பாத்திரங்களுக்கு த்ரில் உடம்புக்கு உள்ளே நடக்கிற சங்கதி.

என்னை நிறுத்தி வைத்த இடம் ஜூலியட்டின் படுக்கையறை. பிணம்போல் கிடக்கச் செய்யும் மருந்தைக் குடிக்கப் போகிறாள். தாயும் செவிலியும் இப்போதுதான் வெளியே போனார்கள். தனியாக நிற்கிறாள். மெல்லிய குளிர்ந்த அச்சம் ஒன்று என் ரத்த நாளங்களின் ஊடே த்ரில்லாகிறது, உயிரின் வெப்பமே உறைந்துவிடும் போலிருக்கிறது என்கிறாள். 'த்ரில்ஸ் த்ரூ' என்று இரண்டு சொல்லும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. த்ரூவிலிருந்து திரெல், திரெல்லிலிருந்து த்ரில். பாட்டியும் பேத்தியும் கைகோத்து ஒரே வரியில் நிற்பது போல. ஷேக்ஸ்பியர் அந்த உறவை அறிந்து எழுதினார் என்று சொல்ல மாட்டேன். அவர் காது அறிந்திருக்கிறது.

இன்னொரு நாடகத்தில், உள்நாட்டுப் போர் மூளப்போகிற நேரத்தில் மதுக்கடையில் உட்கார்ந்துகொண்டு ஃபால்ஸ்டாஃப் இளவரசன் ஹாலைக் கேட்கிறான்: உனக்குப் பயமாக இல்லையா, உன் ரத்தம் த்ரில்லாகவில்லையா? கிங் லியரில், கிழவர் குளோஸ்டரின் கண்ணைப் பிடுங்கும்போது பொறுக்க மாட்டாமல் தன் எஜமானன் மீதே வாளை உருவிய வேலைக்காரனைப் பற்றி, இரக்கத்தால் த்ரில்லானவன் என்று சேதி சொல்கிறார்கள். அச்சம், மறுபடி அச்சம், பிறகு இரக்கம். எதுவும் சந்தோஷம் இல்லை. ஜூலியட்டிடம் போய், "செம த்ரில்லா இருக்குமே" என்றால் அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

அப்படியானால் சந்தோஷம் எங்கிருந்து வந்தது? உடம்பிலிருந்து. நள்ளிரவில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டாலும் மயிர் சிலிர்க்கும். நாதஸ்வரத்தில் மல்லாரி எழும்பி சாமி புறப்படும்போதும் மயிர் சிலிர்க்கும். தோலுக்கு இரண்டும் ஒன்றுதான். தமிழில் மெய்சிலிர்ப்பு, புல்லரிப்பு, மயிர்க்கூச்செறிதல் எல்லாமே இரண்டு பக்கமும் போகும் சொற்கள். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது அச்சத்தையும் உவகையையும் ஒரே பட்டியலில்தான் வைத்தது. மெய்ப்பாடு என்றால் மெய்யில் தெரிவது. மனத்தில் எதுவாக இருந்தாலும் அது உடம்பில் வந்து தெரிந்தாக வேண்டும். இங்கிலாந்திலும் அதே உடம்புதான். அச்சத்துக்கு என்று வைத்திருந்த சொல், அதே சிலிர்ப்பு வேறு காரணத்தால் வந்தபோது அங்கும் பயன்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் த்ரில் பெயர்ச்சொல்லாக, உடம்பில் ஓடும் ஒரு சிலிர்ப்பு என்ற பொருளில் நடமாடத் தொடங்கிவிட்டது. 18ஆம் நூற்றாண்டில் பாழடைந்த கோட்டையும் பேயுமாகக் கதைகள் வந்து, பயப்படுவதற்காகவே காசு கொடுத்துப் படிக்கும் கூட்டம் ஒன்றும் உருவானது. விரும்பித் தேடிப் போகும் பயம் வந்தபிறகு, பயத்துக்கான சொல்லில் இனிப்பு ஏறாமல் இருக்குமா?

நம் வீட்டிலேயே இதற்கு எடுத்துக்காட்டு இருக்கிறது. "பயங்கரமா பிடிச்சிருக்கு", "பயங்கர டேஸ்ட்" என்கிறோம். பயத்தைத் தருவது என்ற பொருளை யாரும் நினைப்பதில்லை. பயங்கரம் நம் கண் முன்னாலேயே த்ரில் போன வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

அங்கிருந்து இன்றுவரை உள்ள தூரம் குறைவு. 1880களின் இறுதியில் பரபரப்பான கதைக்கு 'த்ரில்லர்' என்று பெயர் வந்தது. பிறகு சினிமா அதை எடுத்துக்கொண்டது. இப்போது வேலை மாறுகிறவர்கள் எல்லோரும் 'த்ரில்ட்' என்று அறிவிக்கிறார்கள். மார்பெலும்பைத் துளைத்த சொல் இன்றைக்கு ஒரு மரியாதைப் புன்னகை. சொற்கள் தேய்வது இயல்புதான். என்றாலும் இந்த ஒரு சொல் இப்படி மெலிந்து போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

அறிவியலில் மட்டும் அதற்குக் கொஞ்சம் பழைய கனம் மிச்சம் இருக்கிறது. 1980இல் ஆவ்ராம் கோல்ட்ஸ்டைன் என்ற அமெரிக்க மருந்தியல் ஆய்வாளர், இசை கேட்கும்போது முதுகுத்தண்டில் ஓடும் சிலிர்ப்பை 'த்ரில்' என்றே பெயரிட்டு ஆராய்ந்தார். உடம்பே சுரக்கும் அபின் போன்ற பொருள்களைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைப் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பாட்டுக் கேட்க வைத்தார். மூன்று பேருக்குச் சிலிர்ப்பு குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் பாட்டு 'உள்ளே போகிறது' என்று நாம் சொல்வதில் வேதியியலும் இருக்கிறது என்பதற்கு அது ஒரு தடம்.

மருத்துவர்களின் த்ரில்லுக்கு வருகிறேன். ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லேனெக், சில இதய நோயாளிகளின் மார்பில் கை வைத்தால் ஓர் அதிர்வு தெரிவதை 1819இல் எழுதினார். தடவிக் கொடுத்தால் பூனை உறுமுமே, கைக்கு அது தெரிவது போல இருக்கிறது என்று அதற்குப் பூனை அதிர்வு என்று பெயர் வைத்தார். ஆங்கில மருத்துவர்கள் அதை த்ரில் என்றார்கள். இன்றைக்கும் இதய முணுமுணுப்பை ஆறு படிகளாகப் பிரிக்கும் முறையில், நான்காவது படியிலிருந்து த்ரில் கைக்குத் தெரிய வேண்டும். காதுக்குக் கேட்டால் முணுமுணுப்பு, விரலுக்குத் தெரிந்தால் த்ரில். இங்கே பரவசமும் இல்லை, பயமும் இல்லை. உடம்புக்குள் ஒன்று நடுங்குகிறது, அவ்வளவே. ஜூலியட் சொன்னதற்கு இது ரொம்பப் பக்கம்.

இதயத்தில் த்ரில் தெரிந்தால் பெரும்பாலும் கோளாறு. அப்பா கையில் த்ரில் தெரிந்தால் நிம்மதி. ஏன் என்று மருத்துவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். டயாலிசிஸ் மெஷினுக்கு நிமிடத்துக்கு முந்நூறு மில்லிக்குக் குறையாமல் ரத்தம் வேண்டும். சாதாரணச் சிரை அவ்வளவு தராது. தமனியில் நல்ல வேகம் உண்டு, ஆனால் அது ஆழத்தில் இருக்கிறது. வாரம் மூன்று முறை குத்தவும் முடியாது. அதனால் மணிக்கட்டுக்கு அருகே தமனியிலும் சிரையிலும் ஒரு துளை போட்டு இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ என்ற மருத்துவர்களும் அவர்களுடைய குழுவினரும் 1966இல் வெளியிட்ட முறை இது. அதற்கு முன்பு கைக்கு வெளியே பிளாஸ்டிக் குழாயைத் தொங்கவிட்டுக்கொண்டு நோயாளிகள் வாழ வேண்டியிருந்தது. இந்த இணைப்புக்கு ஃபிஸ்டுலா என்று பெயர். லத்தீனில் குழல், புல்லாங்குழலும்கூட. உயர்ந்த அழுத்தத்தில் இருக்கும் தமனி ரத்தம் அந்தத் துளை வழியாகத் தளர்ந்த சிரைக்குள் பாயும்போது சுழன்று கலங்குகிறது. நாளத்தின் சுவர் அதிர்கிறது. அதுதான் அப்பா சொன்ன வண்டு.

ரீங்காரம் நின்றுவிட்டால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, இறுக்கமாக வாட்ச் கட்டக் கூடாது, தலைக்கு வைத்துத் தூங்கக் கூடாது. தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். டெக்னீஷியன் பெண் இதையெல்லாம் அப்பாவிடம் இரண்டு முறை சொல்லி, ஒரு முறை திருப்பிச் சொல்ல வைத்தார்.

துளைக்கு ஒரு சொல். அந்தத் துளையின் ஊடாக ரத்தம். ரத்தத்தில் ஒரு நடுக்கம். ஆயிரம் ஆண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாக வந்த பொருள்களில் மூன்று, அப்பாவின் மணிக்கட்டில் ஒரே இடத்தில் இருக்கின்றன. நான் இதை அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்போ மூக்கு ஓட்டையும் இதுவும் ஒண்ணுங்கிற" என்றார். ஆமாம்ப்பா என்றேன்.

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து எறிவதில்லை. அப்பா அதன் பின்பக்கத்தில் காலை எடை, குடித்த தண்ணீர், மாத்திரைக் கணக்கு எல்லாம் எழுதி வைப்பார். எழுந்ததும் பல் தேய்க்கும் முன்பே ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வலக்கை விரல்களை இடக்கையின் மேல் வைத்து, அந்தப் பெண் நிற்பது போலவே கண்ணை எங்கோ நிறுத்தி இருப்பார். பிறகு பேனாவை எடுத்து முதல் வரி எழுதுவார்: த்ரில் உண்டு.